பல்லேகம என்னும் கீழூர்

பெயரின் முன்னே ஒட்டிய ஒரு சிறு சொல், ஊரின் நிலக்கிடக்கையையே உரைத்துவிடுவதுண்டு. மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவைப் பாருங்கள். சிங்களத்தில் ‘பல்லே’ என்பது கீழ். ‘கம’ என்பது ஊர். நமது வழக்கிற் கீழூர்! ‘உட’ என்றால் மேல். பழைய அஸ்கிரிப் பற்றுக்களும் உடசிய, பல்லேசிய என்று இவ்வாறே பிரிந்தன.

தமிழிலோ ‘கீழ்’ இன்னொரு பணியையும் ஆற்றுகின்றது. மேற்கே மலை ஓங்கிக் கிழக்கே நிலஞ்சரியும் தமிழகத்திலே, மேல் என்பதினின்று மேற்கும் கீழ் என்பதினின்று கிழக்கும் பிறந்தன. (வகுப்பில் இதனைச் சொன்னால் உறங்குகின்ற மாணவனும் விழித்துக்கொள்வான்.) நக்கிள்ஸ் மலையின் கிழக்குப்புறச் சரிவிலிருந்த பல்லேகமவுக்கு இரு பொருளுமே பொருந்தும்.

களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் தேக்கப்பட்டபோது பழைய பட்டினம் மூழ்கிற்று. மக்களுக்குப் புதிய லக்கலை நகர் அமைந்தது. லக்கல-பல்லேகம என்னும் பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரிலே, அந்தக் ‘கீழ்’ இன்னும் நீருக்கு மேலே நிற்கின்றது.