‘ரோஜர்’னா ஓகே இல்ல பாஸ்!

எர்ணாவூர் கடற்கரையில நின்னு பாருங்க. தூரத்துல கப்பல்கள் நங்கூரம் போட்டு, ‘உள்ளே வா’ங்கிற உத்தரவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். திரும்பி ரோட்டைப் பார்த்தா கன்டெய்னர் லாரி. க்யூவுல நிக்கிறது வடசென்னைக்காரங்களுக்குப் புதுசே இல்ல.

ஆனா, ஆகாசத்துல ஒரு க்யூ இருக்கு. அதுல யாரும் பிரேக் போட்டு நிக்க முடியாது. நின்னா விழுந்துடும்! அந்த க்யூவுக்குள்ள, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல சைக்கிள்ல நுழையற பையன் மாதிரி, கத்துக்குட்டி பைலட் ஒருத்தர் குட்டி விமானத்துல நுழையறார். அவரையும் பெரிய விமானங்களையும் மோதாமப் பிரிச்சு வைக்கிறது என்ன தெரியுமா? பெரும்பாலும் வார்த்தைகள்தான்.

கண்ணைக் கட்டி வானத்தில் விட்டால்..?

பைலட் லைசென்ஸ் வாங்க ஆசைப்படற ஆள் நம்ம காலேஜ்லயும் இருப்பாங்க. இந்தியாவுல தனியார் பைலட் லைசென்ஸுக்கு 17 வயசு, பத்தாம் வகுப்பு பாஸ், குறைஞ்சது 40 மணி நேரம் பறந்த அனுபவம் வேணும். கூடவே மெடிக்கல் டெஸ்ட், எழுத்துத் தேர்வு, ரேடியோவில் பேசறதுக்குத் தனி லைசென்ஸ். ஆமாம், பேசறதுக்கே லைசென்ஸ்!

இந்த லைசென்ஸை வெச்சுக்கிட்டு, வெளியே பார்த்து ஓட்டற அளவுக்கு வானம் தெளிவா இருக்கும்போது பறக்கலாம். மேகத்துக்குள்ள போகணும்னா ‘இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்’ வேணும். ஜன்னலை மறந்துட்டு, முன்னாடி இருக்கற கருவிகளை மட்டும் நம்பி ஓட்டற வித்தை. நம்ம உடம்பு மேகத்துக்குள்ள பொய் சொல்லும். விமானம் சாய்ஞ்சுக்கிட்டு இருக்கும், காது ‘நேராத்தான் போறோம்’னு சத்தியம் பண்ணும்.

இதுக்கான பயிற்சி ரொம்ப சுவாரஸ்யம். பட்டப்பகல்ல, தெளிவான வானத்துல, தலையில் ஒரு மறைப்பை மாட்டிடுவாங்க. இதுக்குப் பேரு ‘ஹூட்’. குதிரைக்குக் கட்டற கண்பட்டை மாதிரி, கருவிகள் மட்டும்தான் தெரியும். பக்கத்து சீட்ல இருக்கற பயிற்சியாளர் வெளியே கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டே இருக்கணும்.

இப்படியே ஓடுபாதையை நோக்கி இறங்கிப் பழகறதுதான் ‘பிராக்டிஸ் அப்ரோச்’. பெரிய ஏர்போர்ட்ல இருக்கற ஐ.எல்.எஸ். கருவி ரெண்டு ரேடியோ கதிர்களை அனுப்பும். ஒண்ணு, நீங்க ஓடுபாதைக்கு நேரா இருக்கீங்களா, இடமா வலமான்னு சொல்லும். இன்னொண்ணு, இறங்கற சரிவைக் காட்டும். வழக்கமா அது 3 டிகிரி. கடல் மைல் ஒண்ணுக்குச் சுமார் 300 அடி இறங்கணும். சாதாரண ஐ.எல்.எஸ். இறக்கத்துல, தரையிலிருந்து 200 அடிக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியலைன்னா? யோசிக்கவே கூடாது. மறுபடி மேலே! இதுக்குப் பேரு ‘மிஸ்டு அப்ரோச்’.

‘சார், ஒரு ரவுண்டு பழகிக்கவா?’

இங்கேதான் வர்றார் ஏ.டி.சி. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்.

பயிற்சிக்கு வர்ற பைலட் முன்கூட்டியே மூணு விஷயத்தைத் தெளிவா சொல்லணும். எந்த வகை அப்ரோச்? முடிவுல என்ன பண்ணப் போறே... தரையைத் தொட்டுட்டு எழும்பப் போறியா, தாழ்வா பறந்துட்டுப் போகப் போறியா, ஒரேடியா இறங்கப் போறியா? அப்புறம் எங்கே? இதுல ஒண்ணு விட்டாலும் கன்ட்ரோலர் தலையில் கை வெச்சுக்குவார்.

காரணம் இருக்கு. செஸ்னா 172 மாதிரி குட்டி விமானம் கடைசிக் கட்டத்துல சுமார் 70, 80 நாட் வேகத்துல வரும். பின்னாடி வர்ற ஏர்பஸ்ஸுக்கு 140 நாட் பக்கம் வேகம். சைக்கிளை முன்னாடி விட்டா லாரி முட்டும். லாரியை முன்னாடி விட்டா, அதோட இறக்கையிலிருந்து கிளம்பற சுழல் காற்று சைக்கிளைக் கவிழ்த்துடும். அதனால பயிற்சி விமானத்துக்கு அடிக்கடி வர்ற பதில், “இன்னொரு வட்டம் போடு” இல்லேன்னா, “இப்போ முடியாது”. வட்டம் போடற ஒவ்வொரு நிமிஷமும் மாணவர் பாக்கெட்ல இருந்து பணம் போகும். மணிக்கணக்குல வாடகையாச்சே! வயிறு எரியத்தான் செய்யும்.

நம்ம ஊர்ல இந்த நெரிசலுக்கு மீனம்பாக்கமே சாட்சி. மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-ல் ஆரம்பிச்சப்போ வானம் காலி. அப்புறம் ஜெட் விமானங்கள் வந்தன, கூட்டம் கூடுச்சு. இன்னிக்கு நாட்டின் நாலு பெரிய வான்வெளிப் பிரிவுகள்ல ஒண்ணு சென்னையைத் தலைமையா வெச்சு இயங்குது. அதனாலதான் பயிற்சிப் பள்ளிகள் கூட்டமில்லாத சின்ன ஏர்போர்ட்களைத் தேடிப் போகுது. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி உத்தரப்பிரதேசத்துல ஃபர்சத்கஞ்சில் இருக்கறதைப் பாருங்க.

ஒரு செப்டம்பர் காலை

“ஒரு பயிற்சி விமானத்துக்கா இவ்ளோ பில்ட்-அப்?”னு கேக்கறவங்களுக்கு, அமெரிக்காவின் சான் டியாகோ கதை.

1978 செப்டம்பர் 25. நல்ல வெயில். ஒரு செஸ்னா 172 அங்கே ஐ.எல்.எஸ். அப்ரோச் பழகிட்டு, மறுபடி மேலே ஏறிக்கிட்டு இருந்தது. ஓட்டினவர் தலையில ஹூட். பக்கத்துல பயிற்சியாளர். ‘3,500 அடிக்குக் கீழேயே இரு, 070 டிகிரி திசையில் போ’ன்னு கன்ட்ரோலர் சொல்றார். அதே நேரம் பி.எஸ்.ஏ. கம்பெனியின் போயிங் 727 இறங்க வருது. ‘முன்னாடி ஒரு செஸ்னா’ன்னு எச்சரிக்கை பண்றாங்க. ‘தெரியுது’ன்னு பதில் வருது.

கொஞ்ச நேரத்துல 727 குழுவினர் செஸ்னாவைப் பார்வையிலிருந்து தவற விட்டுட்டாங்க. ‘கடந்து போயிருக்கும்’னு ஒரு யூகம். ‘எங்களுக்குத் தெரியலை’ன்னு பளிச்சுனு சொல்லலை. அந்தப் பக்கம் செஸ்னா, சொன்ன திசையை விட்டு விலகியிருந்தது. அதையும் சொல்லலை. கன்ட்ரோல் அறையில எச்சரிக்கை மணி 19 செகண்ட் முன்னாடியே அடிச்சது. ‘பெரிய விமானம்தான் பார்த்துட்டதே’ன்னு இருந்துட்டாங்க.

சுமார் 2,600 அடி உயரத்துல மோதல். ரெண்டு விமானத்திலும் யாரும் பிழைக்கலை. கீழே வீடுகள்ல இருந்தவங்களையும் சேர்த்து 144 உயிர்கள். மூணு தரப்புமே கெட்டவங்க இல்ல. ஆளுக்கு ஒரு வரி சொல்லாம விட்டாங்க, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுலயும் நடந்தது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறின சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. கஜகஸ்தான் விமானம் தன் உயரத்தைத் தாண்டிக் கீழே வந்துடுச்சு. 349 பேர் பலி. அந்த விமானத்துல ரேடியோவில் பேசினது ஒருத்தர், ஓட்டினது இன்னொருத்தர். இதுக்குப் பிறகுதான் மோதலைத் தடுக்கற டிகாஸ் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

பதிமூணு வார்த்தை இங்கிலீஷ்

சரி, இதுக்கெல்லாம் மருந்து? பறவை பாஷை மாதிரி ஒரு தனி இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரே ஒரு அர்த்தம். ஒரு பதிமூணு வார்த்தை சாம்பிள்...

‘ரோஜர்’னா ‘நீ சொன்னது முழுசா காதுல விழுந்துச்சு’. அவ்வளவுதான்! சம்மதம்னு அர்த்தமே இல்ல. ‘வில்கோ’ன்னா ‘புரிஞ்சது, செய்யறேன்’. ‘அஃபர்ம்’, ஆமாம். ‘நெகட்டிவ்’, இல்லை. ‘ஸ்டாண்ட்பை’, பொறு. ‘அனேபிள்’, என்னால முடியாது. ‘ஸே அகெய்ன்’, திரும்பச் சொல்லு. ‘கரெக்‌ஷன்’, தப்பாச் சொல்லிட்டேன், இதோ சரியானது. ‘கோ அரவுண்ட்’, இறங்காதே, மேலே போ. ‘ரீட்பேக்’, சொன்னதை எனக்கே ஒப்பி. ஒன்பதை ‘நைனர்’னு சொல்லணும். மூணை ‘ட்ரீ’ன்னு சொல்லணும். கடைசியா ‘மேடே’, உயிருக்கு ஆபத்து!

இதுல ‘ரீட்பேக்’தான் ஹீரோ. ஓடுபாதை நம்பர், உயரம், திசை... எதைக் கொடுத்தாலும் பைலட் திருப்பி ஒப்பிக்கணும். கன்ட்ரோலர் காதைத் தீட்டிக் கேக்கணும். 1977-ல் டெனெரிஃப் தீவுல ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் செத்ததுக்குப் பிறகு, ‘டேக் ஆஃப்’ங்கிற வார்த்தையையே பூட்டி வெச்சுட்டாங்க. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் வெளியே எடுக்கணும்.

‘மேடே’ சொல்லத் தயங்கினா? 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த அவியான்கா 52 விமானத்தை மோசமான வானிலையில ஒரு மணி நேரத்துக்கும் மேல வட்டமடிக்க வெச்சாங்க. ‘எரிபொருள் தீரப் போகுது’ன்னு சொன்னாங்களே தவிர, ‘எமர்ஜென்சி’ன்னு அறிவிக்கலை. முதல் அப்ரோச் தப்பிச்சு, மறுபடி வர்றதுக்குள்ள டாங்க் காலி. 73 பேர் பலி. தயக்கத்தோட விலை அது.

நம்ம கரையிலும் ஒரு பாடம்

‘இதெல்லாம் எங்கேயோ ஆகாசத்துல’ன்னு எர்ணாவூர்க்காரங்க சொல்ல மாட்டாங்க. 2017 ஜனவரி 28 விடிகாலை. காமராஜர் துறைமுகத்திலிருந்து வெளியே போன பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கிட்டது. கறுப்புக் குழம்பா எண்ணெய் வந்து ஒதுங்கினது எர்ணாவூர் பாறைகள் மேல. மீனவர்களும் காலேஜ் பசங்களும் வாளி வாளியா அள்ளினாங்க. மீன் வாங்க ஆள் இல்ல. வானமோ கடலோ, ஒண்ணு வெளியே போகும்போது இன்னொண்ணு உள்ளே வர்ற இடம்தான் ஆபத்தான இடம். அங்கே தப்பு நடந்தா, விலை கொடுக்கறது அந்தக் கப்பல்லயோ விமானத்துலயோ இல்லாதவங்களும்தான்.

நீங்களும் அந்த நாற்காலியில் உட்காரலாம்!

பைலட் ஆக லட்சக்கணக்குல பணம் வேணும், உண்மை. ஆனா, மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார அவ்வளவு செலவில்ல. பி.எஸ்ஸி.யில் இயற்பியல், கணிதம் படிச்சவங்களும், அந்த ரெண்டு பாடமும் இருந்த பி.இ. மாணவர்களும் இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தற ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் தேர்வை எழுதலாம். பாஸ் பண்ணினா, குரல் சோதனையும் உண்டு. அப்புறம் பயிற்சி. அலகாபாத்துல, அதாவது இன்றைய பிரயாக்ராஜில், அதுக்குன்னே ஒரு கல்லூரி இருக்கு.

‘நான் தமிழ் மீடியம், இங்கிலீஷ் வராதே’ங்கறீங்களா? இந்த வேலைக்கு ஷேக்ஸ்பியர் வேண்டாம். சர்வதேச விமானத்துறை ஆங்கிலத்துக்கு ஆறு படி வெச்சிருக்கு. நாலாவது படி போதும். உங்க பேச்சுல எர்ணாவூர் வாடை அடிச்சாலும் பரவாயில்ல, எதிராளிக்குப் புரிஞ்சா சரி.

இன்னொரு விஷயம். கிளாஸ்ல புரியலைன்னா கை தூக்க வெட்கப்பட்டு, ‘புரிஞ்சது சார்’னு தலையாட்டறோம் இல்லையா? அந்தத் தலையாட்டலுக்கு வானத்துல இடமே இல்ல. அங்கே முப்பது வருஷ சர்வீஸ் கேப்டனும், நேத்து வந்த மாணவரும் புரியலைன்னா ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க. யாரும் சிரிக்கறதில்ல.

நாளைக்கு முதல் பீரியட்ல நீங்களும் சொல்லிப் பாருங்க... “ஸே அகெய்ன், சார்!”