முகநரம்பில் கட்டி: எந்த வழியாக உள்ளே போவது?

சிரிக்கவும் கண்ணை மூடவும் வைக்கும் முகநரம்பு, மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, காதெலும்புக்குள் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள குழாயில் வளைந்து செல்கிறது. அதன் மிகக் குறுகலான இடத்தின் அகலம் 1 மி.மீ.கூட இல்லை. அங்கே கட்டி முளைத்தால் நரம்பு ஒதுங்க இடமேது?

கட்டி எங்கே, காது கேட்கிறதா என்று பார்த்துத்தான் வழியைத் தேர்வார்கள். உட்பகுதியில் கட்டி, செவியும் நன்றாக இருக்கிறதென்றால், காதுக்கு மேலே மண்டையோட்டில் ஜன்னல் திறந்து, மூளையை மெல்ல உயர்த்தி மேலிருந்து இறங்குவார்கள். காது அறுவை மருத்துவர் வில்லியம் ஹவுஸ் 1961-இல் விவரித்த வழி இது. செவித்திறன் ஏற்கெனவே போய்விட்டதா? உள்காதையே குடைந்து நேராகப் போகலாம். கட்டி கீழ்ப்பகுதியில் மட்டும் என்றால், காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்தாலே போதும்.

வழி கிடைத்தாலும் சிக்கல் தீராது. கட்டி நரம்பிலேயே பிறந்தது. முழுதாக எடுக்க, பெரும்பாலும் நரம்பையும் வெட்ட வேண்டும். கழுத்திலோ கெண்டைக்காலிலோ எடுத்த நரம்பை ஒட்டுப்போடலாம். அசைவு திரும்பப் பல மாதங்கள் ஆகும். அப்போதும் முழுமையாக வராது. சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்வதும் உண்டு.

அதனால்தான், முகம் நன்றாக இயங்கும்வரை பலருக்குக் கத்தியே வைப்பதில்லை. எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கிறார்கள். அல்லது எலும்பை மட்டும் திறந்து, நெரிபடும் நரம்புக்கு இடம் கொடுக்கிறார்கள்.