பின்பால் ஃபிளிப்பருக்கு ஏன் மூச்சு வாங்குது?

விண்டோஸ் எக்ஸ்பி-ல இருந்த 'ஸ்பேஸ் கேடட்' பின்பால் ஞாபகம் இருக்கா? அதுல ஃபிளிப்பர் எவ்வளவு நேரம் அடிச்சாலும் ஒரே வேகம்தான். நிஜ மெஷின்ல அப்படி இல்லை. அரை மணி நேரம் விடாம ஆடினா, முதல்ல ஈஸியா ஏறின ராம்ப்ல பந்து பாதி வழியில திரும்பி வரும். உங்க கையில குறை இல்லைங்க, காயில் சூடாயிடுச்சு.

1947-ல காட்லீப் கம்பெனியோட 'ஹம்ப்டி டம்ப்டி'யில ஃபிளிப்பர் வந்ததிலிருந்து அதை அசைக்கிறது சாலினாய்டுதான். சுமார் 80 கிராம் எஃகுப் பந்தை அடிக்க ஒரு நொடிக்கும் குறைவா பெரிய கரன்ட் பாயணும். செம்புக் கம்பி 50 டிகிரி சூடேறினா ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். வோல்டேஜ் மாறாததால கரன்ட் குறையும், அடியும் தளரும். முதலாம் ஆண்டு ஓம் விதிதான்!

மல்டிமார்ஃபிக்கோட பி3 மாதிரி, ஆடுதளத்துலேயே ஸ்கிரீன் வைக்கிற புதுமை அழகுதான். ஆனா நான் முதல்ல கை வைக்கிறது ஃபிளிப்பர்லதான். சப்ளை வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி வச்சுட்டு, ஒரு கரன்ட் சென்சர் சேர்க்கணும். காயில் குளிர்ந்திருக்கும்போது பிடபிள்யூஎம் மூலமா கரன்ட்டை அடக்கி, சூடாக ஆக அவிழ்த்துவிட்டா, கடைசிப் பந்து வரைக்கும் ஒரே அடி.

ஒரு சிக்கல்: கூடின ரெசிஸ்டன்ஸ்ல அதே கரன்ட்டைத் தள்ளினா சூடு இன்னும் ஏறும். அதனால காயில் பக்கத்துல ஒரு குட்டி ஃபேனும் வைக்கணும்.