மலை ஏற 97 வேண்டுமா?

சிம்பாங் பூலாய் சாலையில் கேமரன் மலையிலுள்ள திரிங்காப்புக்கு ஏறும் முன், "மலையாச்சே, இன்றைக்கு 97 அடிப்போம்" என்று தோன்றும். விலை கூடினால் வலுவும் கூடும் என்ற கணக்கு. பெட்ரோலில் அது பலிக்காது.

95, 97 இரண்டிலும் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுந்தும்போது சூடேறும். பிளக் வைத்த தீ பரவி வந்து சேருமுன் மிச்சக் கலவை தானாக வெடித்தால் 'டக் டக்' என்று தட்டும். அப்படி முந்திக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதே ஆக்டேன் எண்; 95, 97 என்பவை அந்த எண்கள்தான். ஐசோஆக்டேனுக்கு 100, சட்டென்று வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 என வைத்து அளக்கிறார்கள்.

தட்டல் வந்தால் இன்றைய கார்கள் பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். எஞ்சின் தப்பும், எண்ணெய்ச் செலவு கூடும். ஆகவே 97 கேட்கும் காருக்கு 95 ஊற்றினால் நஷ்டம். 95 போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு 97 ஊற்றினாலும் நஷ்டம்தான். மலேசியாவில் பெட்ரோல் மானியம் 95-க்கு மட்டுமே.

மலையில் இது இன்னும் வேடிக்கை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்று குறைகிறது, அழுத்தமும் சூடும் தணிகின்றன, தட்டலும் அடங்குகிறது. மேலே போகப் போக எஞ்சினுக்குத் தேவையான ஆக்டேன் இறங்குகிறது! அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை நெடுங்காலமாக விற்றுவருவது இதை நம்பித்தான். டர்போ வண்டி காற்றைத் திணித்துக்கொள்வதால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

கேமரன் மலையின் அடையாளமாகிப்போன பழைய லேண்ட் ரோவர்களில் பெட்ரோல் வண்டிகளின் பாடு வேறு. காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது. சமவெளிக்கு அமைத்த அளவிலேயே ஊற்றும், மிச்சம் கரும்புகையாகும். எந்த எண்ணெய் அடித்தாலும் இது தீராது. மெக்கானிக் சிறிய ஜெட் போட வேண்டும்.

குளிர் பதம் பார்ப்பது டீசலைத்தான். 2019-இல் 10 சதவீதச் செம்பனை பயோடீசல் கலப்பு நாட்டில் கட்டாயமானபோதும் கேமரன், கெந்திங், குண்டாசாங் போன்ற மேட்டுநிலங்களில் 7 சதவீதக் கலவையையே விட்டுவைத்தார்கள். தூய செம்பனை பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கலங்கி மெழுகுத் துகளாகும். கலவையில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் கலப்பு கூடக் கூட, குளிரும் விடியலில் அந்தத் துகள் எரிபொருள் வடிகட்டியை அடைக்கும் வாய்ப்பும் கூடும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் காய்கறி லோரி மேட்டில் இழுக்காது.