'சூக்கா கெத்தா': ஒரு பெயர், இரண்டு அமிலங்கள்

பத்து காஜா பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய என் பாட்டி, பாலை உறைய வைக்கும் திரவத்தை 'ஆசிட்' என்று மட்டும்தான் சொல்வார். மலாயில் அது 'சூக்கா கெத்தா', அதாவது ரப்பர் காடி. எந்த ஆசிட் என்பதை இரண்டு பெயரும் சொல்வதில்லை. வம்பே அங்குதான்.

ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரத உறை எதிர்மின்னூட்டம் கொண்டது. துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் பால் திரவமாகவே இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் துகள்கள் மோதி, உறை கிழிந்து, பால் கட்டியாகிறது. ஐந்தாம் படிவ வேதியியலில் இது வரும். எந்த அமிலமும் இதைச் செய்யும். ஆனால் பிறகு நடப்பது வேறு.

மலேசிய ரப்பர் வாரியம் பரிந்துரைப்பது ஃபார்மிக் அமிலம். 17-ஆம் நூற்றாண்டில் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அறிந்த அமிலம் இது. எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்தே பெயரும் வந்தது. விலை மலிவு என்பதால் சில சிறுதோட்டக்காரர்கள் கந்தக அமிலத்தை நாடுகிறார்கள். கந்தகத் திராவகம் என்றாலும் இதுதான். அன்னபேதியைச் சூடாக்கி வடித்த காலத்தில் ஐரோப்பியர் 'விட்ரியால் எண்ணெய்' என்றார்கள். இன்று ஆலைகளில் வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியுடன் சுமார் 450 பாகை செல்சியஸில் தயாராகிறது. பெரும்பகுதி உரத்திற்குப் போகிறது; கார் பேட்டரியில் இருப்பதும் இதுவே.

ஃபார்மிக் அமிலம் ஏறக்குறைய 101 பாகையில் கொதிக்கும். ரப்பர் உலரும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலத்தின் கொதிநிலை 300 பாகைக்கும் மேல். அது கட்டிப்பாலிலேயே தங்கி, ஈரத்தை இழுத்து, ரப்பரின் தரத்தைக் கெடுக்கிறது. அமிலத்தில் மிச்சம் பிடித்த காசு, விற்கும் விலையில் போய்விடலாம்.

கைக்கு வரும் கேடு இன்னும் பெரிது. அடர் கந்தக அமிலம் தோலிலுள்ள நீரை உறிஞ்சிக் கருக்கிவிடும். ஃபார்மிக் மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். அடர்த்தியாக இருந்தால் அதுவும் தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும்.

வீட்டில் யாராவது இன்னும் மரம் சீவுகிறார்களா? புட்டியைப் பாருங்கள். 'அசிட் ஃபோர்மிக்' அல்லது 'அசிட் சல்ஃபுரிக்' என்று எழுதியிருக்க வேண்டும். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.