ஆழக் கிணறும் சின்ன வாளியும்

போர்ட் பிளேருக்கு 2020 ஆகஸ்ட் வரை இணையம் வானத்திலிருந்துதான் இறங்கியது. சென்னையை அந்தமான் தீவுகளோடு இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. செயற்கைக்கோள் இணைப்பு மந்தமாக இருந்தால், இன்னும் கொஞ்சம் அலைவரிசை வாங்கிச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் தகவல் ஏறி இறங்கக் கால் விநாடி. பதில் திரும்ப இன்னொரு கால் விநாடி. கருவிகளின் நேரத்தையும் சேர்த்து இந்தச் சுற்று நேரம் 0.55 விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

இணையத்தில் கோப்புகளைச் சுமந்துபோகும் டிசிபி விதிமுறை, ‘வந்து சேர்ந்தது’ என்ற ரசீது கிடைக்காமல் ஓர் அளவுக்கு மேல் அனுப்பாது. அந்த அளவுக்குப் பெயர் விண்டோ. முதலில் வகுத்தபோது அதன் உச்சம் 65,535 பைட். 10 மெகாபிட் இணைப்பில் 1,460 பைட் பாக்கெட்டுகளாக அனுப்பினால், விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் 45 பாக்கெட் போய்விடும். அதோடு கை நின்றுவிடும். முதல் ரசீது வரும்வரை அரை விநாடி சும்மா காத்திருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேறாது. 10-ஐ 100 மெகாபிட் ஆக்கினாலும் அதே கதைதான். கிணற்றில் தண்ணீர் ததும்புகிறது. கயிறு நீளம், வாளி சிறிசு.

விண்டோவைப் பெரிதாக்க 1992-ல் வழி பிறந்தது. ஆனால் மழை இருக்கிறதே! அது எப்படிக் குறுக்கே வருகிறது என்று புரிய, ஒரு பழைய கதை வேண்டும்.

1986-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 32,000 பிட் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசல்தான் காரணம். ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-ல் காட்டிய வழியிலிருந்து வளர்ந்த விதி இது: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று கொள், விண்டோவைப் பாதியாக்கு, பிறகு சுற்றுக்கு ஒரு பாக்கெட்டாக ஏற்று. தரைக் கேபிளுக்குத் தங்கமான விதி. செயற்கைக்கோளிலோ பாக்கெட் தொலைவது பல நேரம் மழையால். பாதை காலியாகக் கிடக்க, அனுப்பும் கணினி பிரேக் போடுகிறது. 10 மெகாபிட் இணைப்பை நிரப்ப ஏறத்தாழ 470 பாக்கெட் வழியில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் 235. மீண்டும் பழைய நிலைக்கு ஏற இரண்டு நிமிடத்துக்கும் மேலாகும். கடலடிக் கேபிளில் இதே மீட்சிக்குக் கால் விநாடி போதும்.

மேத்யூ மேத்திஸும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் இதை ஒற்றை வரிச் சூத்திரமாக்கினார்கள்: சுற்று நேரம் கூடினால் வேகம் அதே விகிதத்தில் குறையும், இழப்பு நூறு மடங்கானால் பத்தில் ஒரு பங்காகும். பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் செயற்கைக்கோளில் உச்சம் 2.6 மெகாபிட், கேபிளில் 60-ஐத் தாண்டும். இந்தச் சூத்திரத்தில் அலைவரிசைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இணைப்பு வாங்குகிறவர்கள் கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மழை பாக்கெட்டுகளை ஒன்றிரண்டாக அல்ல, கொத்தாக அள்ளும். அதைக் கணக்கிட, நல்ல நேரம், கெட்ட நேரம் என இரண்டு நிலைகள் மாறி மாறி வரும், ஆய்வாளர் கில்பர்ட்டின் 1960-ம் ஆண்டு மாதிரி இன்றும் கைகொடுக்கிறது.

காத்திருப்பைக் குறைக்க, தரை நிலையத்திலேயே ஒரு கருவியை வைத்து, மறுமுனைக்காக முன்கூட்டியே ரசீது கொடுக்கும் உத்தி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விபிஎன் போன்ற மறையாக்கத்தில் டிசிபியின் தலைப்பே மறைந்துவிடுவதால், அந்தக் கருவியால் ரசீதைப் படிக்க முடிவதில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பறக்கும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் கிணற்றின் ஆழத்தையே குறைத்தன. அங்கே வேறு சிக்கல்: 15 விநாடிக்கு ஒருமுறை இணைப்புகள் மறுபடி ஒதுக்கப்படுவதால் சுற்று நேரமே குதிக்கிறது; நிலையான எண்ணாக அதை வைத்துப் போட்ட பழைய சூத்திரங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.