கறுப்பும் மண்ணிறமும் தாண்டி: எமது ஆண்களின் சப்பாத்து

எமது வீடுகளின் வாசலில் இருக்கும் சப்பாத்துத் தட்டை ஒருமுறை பாருங்கள். அம்மாவினதும் மகளினதும் பக்கத்தில் சிவப்பு, பொன்நிறம், வெள்ளி என்று பல நிறங்கள் கிடக்கும். அப்பாவின் பக்கத்தில் ஒரு கறுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்பு, மிஞ்சினால் ஒரு மண்ணிறம். கேட்டால், "ஆம்பிளையளுக்கு வேறென்ன நிறம் இருக்கு?" என்பார்.

இதை அவரது இரசனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1980களிலும் 90களிலும் இலண்டனுக்கு வந்து சேர்ந்த எமது ஆண்களில் பலருக்கு முதலில் கிடைத்தவை பெற்றோல் நிலையம், சுப்பர்மார்க்கெட், இரவுக் காவல், உணவகம் என்ற வேலைகள்தான். கறுப்புக் காற்சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் அந்த வேலைகளின் உடுப்பு. ஒரு சோடி வாங்கினால் அதுவே வேலைக்கும், கல்யாண வீட்டுக்கும், செத்த வீட்டுக்கும், அகதி விண்ணப்ப விசாரணைக்கும் போகும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடம் பதினாறு வயதுவரை கறுப்புச் சப்பாத்தையே விதிக்கிறது. ஆக, கறுப்பை நாம் தெரிந்தெடுத்ததே இல்லை. அது வேலையோடும் பள்ளியோடும் எமது வீட்டுக்குள் வந்தது. இன்று இரண்டாவது சோடி வாங்க வசதி உள்ள வீடுகளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்தோம்.

முதலில், தோலுக்கு ஏன் இந்த இரண்டு நிறங்கள்? காரணம் தோல் பதனிடும் முறையிலேயே இருக்கிறது. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் தானாகவே மண்ணிறமாகும். அந்தத் தோலில் இரும்புக் கரைசலைத் தடவினால் பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். கடுக்காய்ச் சாற்றோடு இரும்பு சேர்த்து எமது முன்னோர் மையும் துணிக்குச் சாயமும் செய்த அதே வித்தை. ஆகவே பட்டை தந்தது மண்ணிறம், இரும்பு தந்தது கறுப்பு. அவை இரண்டும் கைக்கு எளிதாக வந்த நிறங்கள்.

இதில் எமக்கு நெருக்கமான ஒரு கதையும் உண்டு. நாம் தேநீர் போட்டுக் குடிக்கும் ஆவரசு இருக்கிறதே, அதன் பட்டைதான் சென்னை மாகாணத்தில் தோல் பதனிடப் பெருமளவில் பயன்பட்டது. அப்படிப் பதனிட்ட தோல்கள் கப்பலில் இலண்டனுக்கு வந்து ஏலத்தில் விலைபோயின. இங்கிலாந்துக்காரர் காலில் போட்ட மண்ணிறத்தில் ஆவரசம் பட்டையின் பங்கும் இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரெட் சாட்டர்ட்டன் என்ற பொறியியலாளர் சென்னையில் குரோமியம் உப்பால் பதனிடும் முறையைப் பரிசோதித்துப் பரப்பினார். வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. குரோமியத்தில் பதனிட்ட தோல் வெளிறிய நீலமாக வரும். அடியில் மண்ணிறம் இல்லாததால், மேலே போடும் சாயம் தெளிவாகப் பிடிக்கும்.

சாயத்துக்கோ நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. 1856இல் பதினெட்டு வயது வில்லியம் பேர்க்கின், கிழக்கு இலண்டனில் கேபிள் தெருவிலிருந்த தன் வீட்டில், மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கிடைத்தது ஓர் ஊதாச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளில் செய்த அந்தச் சாயத்தை விற்க அடுத்த வருடமே கிறீன்போர்டில், கால்வாய்க் கரையில் தொழிற்சாலை தொடங்கினார். பின்னாளில் சட்பரியில் வாழ்ந்து 1907இல் இறந்தார். கிறீன்போர்ட், சட்பரி, ஹரோ எல்லாம் இன்று எமது மக்கள் நிறைந்த இடங்கள். செயற்கைச் சாயத் தொழிலின் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கறுப்பை மட்டும் போட்டுத் திரிகிறோம் என்பது ஒரு வேடிக்கைதான்.

இந்த நிறங்களுக்குச் செலுத்திய விலையையும் மறைக்கக் கூடாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. அது இந்திய உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பானது. ஆகவே ஐந்து சோடி மலிவுச் சப்பாத்து வாங்கிக் குவிப்பதை விட, பத்து வருடம் உழைக்கும் இரண்டு சோடியே நல்லது என்பது எமது கருத்து.

இனி இந்த நகரத்தின் விதிக்கு வருவோம். இலண்டன் நகர வங்கிக்காரரிடையே நெடுங்காலமாக ஒரு சொல்வழக்கு உண்டு: நகரத்துக்குள் மண்ணிறம் ஆகாது. மண்ணிறம் நாட்டுப்புறத்துக்கும் வேட்டைக்கும், அலுவலகத்துக்குக் கறுப்பு. இது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. அதனால்தான் ஆபத்து. 2016 செப்டெம்பரில், அரசுக்கு ஆலோசனை சொல்லும் சமூக நகர்வு ஆணைக்குழு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் முதலீட்டு வங்கிகளின் நேர்முகத் தேர்வில் அறிவால் அல்லாமல் இப்படியான எழுதாத விதிகளால் கழிக்கப்படுகிறார்கள் என்று அது காட்டியது. கோட் சூட்டோடு மண்ணிறச் சப்பாத்துப் போடுவது அதற்கு ஓர் உதாரணம். கட்டியிருந்த ரை கண்ணைக் குத்துகிறது என்று சொல்லப்பட்ட ஓர் இளைஞனின் அனுபவமும் அதில் வந்தது.

1920களில் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வேர்ட் கோட் சூட்டோடு மண்ணிறச் சுவேட் சப்பாத்துப் போட்டபோது முதலில் முகம் சுழித்தார்கள், பிறகு அதையே நாகரிகம் என்றார்கள். எமது பிள்ளை அதைச் செய்தால் 'இவனுக்குப் பழக்கம் போதாது' என்பார்கள். இது நியாயமில்லை. ஆனால் பட்டப்படிப்பு முடித்து, இரவிரவாகப் படித்து, நேர்முகத் தேர்வின் கடைசிச் சுற்றுவரை போகும் பிள்ளைக்கு அந்த நியாயத்தை விளங்கப்படுத்துவதை விட விதியைச் சொல்லிக்கொடுப்பது உதவும். சிறுவயதில் இருந்தே விதி தெரிந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் அவன் போட்டி போடுகிறான். 2019இல் கோல்ட்மன் சாக்ஸ் போன்ற பெரிய வங்கியே உடை விதியைத் தளர்த்தியது உண்மை. என்றாலும் முதல் நேர்முகத் தேர்வுக்கும் நீதிமன்றத்துக்கும் செத்த வீட்டுக்கும் நாடா கட்டும் வெறுமையான கறுப்புச் சப்பாத்தே போகட்டும். அந்த ஒரு சோடி வீட்டில் எப்போதும் மினுக்கி வைத்திருக்கப்பட வேண்டும்.

இரண்டாவது சோடி என்ன நிறம்? எம்மைக் கேட்டால், யோசிக்காமல் கடும் மரூன் என்போம். கடைக்காரர் பேர்கண்டி என்பார், அல்லது எருதின் இரத்தம் என்று பொருள்படும் ஒக்ஸ்பிளட் என்பார். எல்லாம் ஒரே குடும்பம்தான். சிக்காகோவின் ஹோர்வீன் பதனிடும் ஆலை குதிரைத் தோலில் செய்யும் மரூனுக்கு 'எட்டாம் இலக்கம்' என்றே பெயர், சப்பாத்துப் பிரியர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். இந்த நிறத்தின் சிறப்பு என்னவென்றால், சற்று மங்கிய வெளிச்சத்தில் அது கறுப்புப் போலத் தெரியும், வெயில் பட்டால்தான் சிவப்புக் காட்டும். சாம்பல் சூட், கடும் நீலச் சூட், டெனிம் மூன்றோடும் பொருந்தும். கறுப்புச் சூட்டோடு மட்டும் வேண்டாம். சாயம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. தக்காளிச் சிவப்பை வாங்கிவிட்டு 'மரூன்தான் சொன்னார்கள்' என்று எம்மோடு சண்டைக்கு வர வேண்டாம். பழுத்த நாவற்பழத்தோலுக்குக் கிட்டவாக இருக்க வேண்டும்.

இந்த நிறத்தைக் கண்டால் எமது மூத்தவர்கள் சிலர் முகம் சுருங்குவதற்கும் காரணம் உண்டு. நோர்தாம்ப்டன்ஷயரில் 1960 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்த முதலாவது டொக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் ஒக்ஸ்பிளட் நிறம். தபால்காரரும் ஆலைத் தொழிலாளரும் போட அது உருவானது. பிறகு மொட்டைத் தலையோடு திரிந்த இனவாதக் கும்பல்களின் அடையாளமாகிவிட்டது. 1981 யூலையில் சவுத்தோலில் அந்தக் கும்பல்கள் கூடிய மதுச்சாலை எரிந்த காலம் வரையும், அதற்குப் பின்னும், இரவில் பஸ் தரிப்பில் சிவந்த பூட்ஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறியவர்கள் எமக்குள் இருக்கிறார்கள். இன்று அதே பூட்ஸை அவர்களின் பேத்தி பல்கலைக்கழகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். தாத்தா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஒருமுறை பார்ப்பார்.

மரூனுக்கு அடுத்தது கரும்பச்சை. பலர் இதை நம்பமாட்டார்கள். பச்சைச் சப்பாத்து என்றதும் கிளிப்பச்சை கண்ணுக்குள் வந்துவிடுகிறது. நாம் சொல்வது நனைந்த பலாவிலையின் நிறம். சாம்பல் காற்சட்டையோடும், மண்ணிறச் சணல் அல்லது கம்பளிக் கோட்டோடும், டெனிமோடும் அமைதியாக இருக்கும். சுவேட் தோலில் இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் இலண்டன் மழைக்குச் சுவேட் பயம். தண்ணீர் தடுக்கும் தெளிப்பான் முதலிலேயே அடிக்க வேண்டும்.

கடும் நீலத்தில் ஒரு பொறி இருக்கிறது. நீலச் சூட்டுக்கு நீலச் சப்பாத்து என்று பொருத்தப் பார்த்தால் இரண்டு நீலமும் ஒருபோதும் ஒத்துவராது, கடையில் ஒன்று போலத் தெரிந்தது தெருவில் வேறாகும். நீலச் சப்பாத்தைச் சாம்பல், வெள்ளை, மணல் நிறக் காற்சட்டைகளோடு போடுங்கள். சாம்பல் நிறச் சப்பாத்து விரைவில் களைத்துப்போன தோற்றம் தரும். வெள்ளைத் தோல் கோடைக்கு.

பொது விதி ஒன்றைச் சொல்வதானால், காற்சட்டையை விடச் சப்பாத்து கடும் நிறமாக இருந்தால் பெரும்பாலும் பிழைக்காது. இடுப்புப் பட்டி அதே நிறமாக இருக்கத் தேவையில்லை. மரூன் சப்பாத்துக்குக் கடும் மண்ணிறப் பட்டி போதும். ஆனால் கறுப்புச் சப்பாத்துக்கு மண்ணிறப் பட்டி கட்டாதீர்கள்.

எமது கொண்டாட்டங்களைப் பொறுத்தவரை, தாலி கட்டும் நேரத்தில் வேட்டியும் வெறுங்காலும். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வரவேற்புக்குத்தான் மாப்பிள்ளைக்குக் கடும் நீலச் சூட்டும் மரூன் சப்பாத்தும் பொருத்தம். மணப்பெண்ணின் கூறைச் சிவப்போடு புகைப்படத்தில் ஒத்துப்போகும். கோயிலுக்கு வருபவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. திருவிழா நாளில் வாசலில் நூறு கறுப்புச் சோடி கிடக்கும். மாறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு கால் இறுக்கமாக இருப்பதை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. கரும்பச்சையை யாரும் மாறி எடுக்கமாட்டார்கள்.

வாங்குவது எங்கே? ஜெர்மின் தெருவின் கண்ணாடிகளுக்குள் இருப்பவற்றில் பல நோர்தாம்ப்டனிலும் அதன் சுற்றூர்களிலும் தைக்கப்பட்டவை. 1829இல் தொடங்கிய ட்ரிக்கர்ஸ், 1873இன் சேர்ச்சஸ், 1879இன் குரொக்கெட் அன்ட் ஜோன்ஸ், கெட்டரிங்கின் லோக் எல்லாம் அந்தப் பக்கத்தவை. அந்த ஊரின் உதைபந்தாட்ட அணிக்கே செம்மார் என்று பட்டப்பெயர். யூஸ்டனில் ரெயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சில ஆலைகளின் வாசல் கடைகளில், சிறு கீறல் விழுந்த அல்லது சாயம் சற்று ஏறக்குறைய அமைந்த சோடிகளை விலை குறைத்து விற்பார்கள். வழமைக்கு மாறான நிறங்கள் பெரும்பாலும் அங்கேதான் மிஞ்சிக் கிடக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் நகர அருங்காட்சியகத்தில் பெருந்தொகையான சப்பாத்துகளையும் காட்டலாம். வாங்கும்போது அடிப்பாகம் தைத்ததா, ஒட்டியதா என்று கேளுங்கள். தைத்ததென்றால் அடித்தோலை மாற்றிப் பல தடவை புதுப்பிக்கலாம். ஒட்டியதென்றால் தேய்ந்ததோடு பெரும்பாலும் கதை முடிந்தது.

பராமரிப்பில் நிறச் சப்பாத்து கறுப்பை விடக் கொஞ்சம் கவனம் கேட்கும். ஊரிலும் இங்கேயும் நாம் பழகிய கிவி டப்பா பிரித்தானியாவில் இனி விற்கப்படாது என்று 2023இல் செய்தி வந்தது. ஆகவே வேறு நிறுவனத்தின் களிம்பைத் தேட வேண்டும். அதே நிறக் களிம்பு கிடைக்காவிட்டால் நிறமற்றதை வாங்குங்கள். ஆனால் நிறமற்றதை மட்டுமே தொடர்ந்து பூசினால் மூக்குப் பக்கம் வெளிறும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது சாயமுள்ள களிம்பு போக வேண்டும். கறுப்புக்குப் பாவித்த தூரிகையை மரூனில் வைக்காதீர்கள். நனைந்தால் உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து அறை ஓரத்தில் விடுங்கள், சூடேற்றிக்கு மேல் வைத்தால் தோல் வெடிக்கும். ஒரு நாள் போட்டதை அடுத்த நாள் போடாமல் விட்டால் வியர்வை காய்ந்து ஆயுள் கூடும். அதற்கும் இரண்டாவது சோடி ஒன்று தேவைப்படுகிறது.